அழுகையின் நான்கு நிலைக்களன்களும் ஒரு ராக் இசைக்குழுவும்: ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ பாடல்களைச் சாம்பியன் ரீப்ஸிலிருந்து நோக்குதல்

மனத்தின் துயரைப் பாடுவது ராக் இசைக்குப் புதிதன்று. பிரிட்டனின் பிளாக் சபாத் குழு 1970இல் வெளியிட்ட ‘பாரனாய்ட்’, பிங்க் பிளாய்ட் குழு 1973இல் வெளியிட்ட ‘தி டார்க் சைட் ஆப் தி மூன்’, அக்குழுவே 1979இல் வெளியிட்ட ‘தி வால்’ ஆகியன மனச்சிதைவையும் தனிமையையும் அச்சத்தையும் பாடுபொருளாகக் கொண்டவை. தமிழில் கித்தாரும் டிரம்ஸும் கொண்டு மேடையேறிய குழுக்களுள் மிகுதியும் பேசப்பட்டது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. அதன் பாடல்கள் எதிர்ப்பிசை என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைத்தே பெரிதும் மதிப்பிடப்படுகின்றன. அவை மனத்துயரின் பாடல்களும் ஆகுமா? ஆகுமெனில் எவ்வகைத் துயரைப் பாடுகின்றன, எவ்வகைத் துயரைப் பாடாது விடுகின்றன? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருள். இதற்கு அளவுகோலாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும், நின்று நோக்கும் இடமாகக் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸும் கொள்ளப்படுகின்றன.

சென்னையில் பிறந்த குழுவைக் கர்நாடகத்துச் சுரங்க ஊரிலிருந்து நோக்குவது ஏன் எனும் ஐயம் எழலாம். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து 2017இல் உருவாக்கிய இக்குழு, 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. அதன் பெயர், சாதிபேதமற்ற தமிழர் என்னும் அயோத்திதாச பண்டிதரின் கருத்தாக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. அக்கருத்தாக்கம் நெடுங்காலம் காக்கப்பட்ட இடங்களுள் ஒன்று தங்கவயல். அயோத்திதாசர் தோற்றுவித்த பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் சுரங்கத் தொழிலாளர்களால் நடத்தப்பெற்றது. 1907இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ எனத் தொடங்கிய அவரது இதழ், 1914இல் அவர் மறைந்தபின் தளர்வுற்று, 1926 முதல் ஜி. அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்து ‘தமிழன்’ என்னும் பெயரில் மீண்டும் வெளிவந்தது. அவருடைய நூல்களைத் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது. ஞான. அலாய்சியஸ் 1999இல் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுத்து வெளிக்கொணரும்வரை, கல்விப்புலத்தார் மறந்திருந்த ஒருவரைச் சுரங்கத் தொழிலாளர் மறவாதிருந்தனர். ஆகவே குழுவின் பெயர்க்கு மூலமான சிந்தனை வாழ்ந்த ஊரில் நின்று அக்குழுவை மதிப்பிடுவது பொருத்தமேயாகும்.

சொல்லைப் பற்றி ஒன்று கூறவேண்டியுள்ளது. இன்று ‘மன அழுத்தம்’ என்னும் சொல் வேலைநெருக்கடி முதல் மருத்துவம் வேண்டும் நோய் வரை எல்லாவற்றையும் குறிக்க ஆளப்படுகிறது. மருத்துவத் தமிழில் எழுதுவோர் மனச்சோர்வு, மனப்பதற்றம், மனச்சிதைவு என வேறுபடுத்துவர். பேச்சு வழக்கில் அவ்வேறுபாடு நிலைபெறவில்லை. அழுத்தம் என்றால் அழுத்துவது எது என்னும் வினா இயல்பாக எழவேண்டும். ஆயினும் நம் வழக்கில் அவ்வினா எழுவதில்லை. ‘அவருக்கு மன அழுத்தம்’ என்று கூறியவுடன் துயரின் காரணமும் அவருக்குள்ளேயே இருப்பதாகக் கொள்ளப்படுகிறது.

தொல்காப்பியர் இவ்வாறு செய்யவில்லை. அவர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையை நகைக்கு அடுத்து வைத்து, அதன் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினைக் கூறுகிறார். பிறரால் இகழப்பட்டு எளியனாதல் இளிவு. உறவும் உடைமையும் இன்பமும் இழத்தல் இழவு. முன்னிருந்த நிலையினின்று தாழ்ந்து, வேறாகி வருந்துதல் அசைவு. நுகரவேண்டியன நுகரப்பெறாமை வறுமை. உரையாசிரியர்கள் தரும் விளக்கங்களின் சாரம் இது. நான்கும் உள்ளத்துக்கு வெளியிலிருந்து வருவன என்பதும், அவற்றுள் இகழ்ச்சி முதற்கண் வைக்கப்பட்டிருப்பதும் நோக்கத்தக்கன. இறப்பினும் முந்தியதாக இளிவை வைத்த வைப்புமுறைக்கு யாப்புக் காரணமாகலாம் என்று கூறுவோர் இருக்கலாம். அவ்வாறாயினும், இகழ்ச்சி அழுகைக்குத் தனிக் காரணமாக எண்ணப்பட்டது என்பதில் ஐயமில்லை.

இதே இயலில் பிறிதொரு செய்தியும் உண்டு. இளிவரல் என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன கூறப்படுகின்றன. அதாவது, பிணியும் வருத்தமும் ஒருவரை இளிவரலுக்கு உள்ளாக்கும். இளிவோ அழுகைக்குக் காரணமாகும். மனநோயுற்றார் தம் நோயினும் அந்நோய்ப் பெயரால் வரும் இகழ்ச்சிக்கு மிகுதியும் அஞ்சி மறைப்பதை இன்று உளவியலார் விரிவாகப் பேசுகின்றனர். அதன் இலக்கணம் இங்கே இரண்டு நூற்பாக்களுக்கிடையில் கிடக்கிறது. எண்வகைக்குப் புறம்பாக எண்ணப்படும் மெய்ப்பாடுகளுள் அரற்று, கனவு, மடிமை, உயிர்ப்பு, கையாறு, இடுக்கண், நடுக்கம் ஆகியன இடம்பெறுவதையும் நினைக்கலாம். இவற்றை நோய்க்குறிகள் எனக் கொண்டு தொல்காப்பியருக்கு உளமருத்துவர் பட்டம் சூட்டுவது மிகையாகும். அத்தகைய பட்டமளிப்புகள் நம் துறைகளில் முன்னரே போதிய அளவில் நடந்துள்ளன. இங்கு வேண்டுவது ஒன்றே: துயரைக் காரணத்தோடு சேர்த்து எண்ணும் ஒரு முறை தமிழில் உண்டு என்பது.

இம்முறையில் நோக்கினால் மேலை ராக் இசையும் வேறாகத் தோன்றும். ‘தி வால்’ தொகுப்பின் ஆக்கத்தில் முதன்மைப் பங்காற்றிய ரோஜர் வாட்டர்ஸின் தந்தை 1944இல் இத்தாலியின் ஆன்சியோப் போர்முனையில் கொல்லப்பட்டவர். குழுவின் தொடக்கப் பாடகரான சிட் பாரெட் மனநலம் குன்றி 1968இல் குழுவைவிட்டு நீங்கினார். அவரை நினைந்து 1975இல் ஒரு தொகுப்பே ஆக்கப்பட்டது. பிங்க் பிளாய்டின் அழுகை பெரிதும் இழவின் வழியது. பிளாக் சபாத்தின் நிலை வேறு. அது பர்மிங்காம் என்னும் தொழில்நகரில் தோன்றியது. அதன் கித்தார்க் கலைஞர் டோனி அயோமி, பதினேழாம் வயதில் உலோகத்தகட்டுத் தொழிற்சாலையில் வேலைசெய்கையில் வலக்கையின் இருவிரல் நுனிகளை இழந்தார். தாமே செய்துகொண்ட உறைகளை விரல்களில் மாட்டி வாசித்தார். விரல்நோவைக் குறைக்கத் தந்திகளைத் தளர்த்திக் கட்டினார். அக்குழுவின் கனத்த, தாழ்ந்த ஒலிக்கு இத்தளர்ச்சியும் ஒரு காரணம். தொல்காப்பியர் வெகுளியின் நிலைக்களன்களுள் முதலாவதாக உறுப்பறையைக் கூறுவது இங்கு நினைவுக்கு வரும். ‘பாரனாய்ட்’ பாடலில் பேசும் மனம் தன் துயருக்குக் காரணம் கூறவில்லை. கூற இயலாமையே அதன் துயர். ஆனால் பாடலின் ஒலி ஆலையிலிருந்து வருகிறது. தனிமனத்தின் நோயாகச் சொல்லப்படுவது தொழிற்கூடத்தின் ஓசையில் கேட்கப்படுகிறது.

‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் இது தலைகீழாக அமைகிறது. இங்குக் காரணம் முதலில் வருகிறது. இடஒதுக்கீட்டைப் பற்றிய ‘கோட்டா’ பாடலாயினும், மாட்டிறைச்சியைப் பற்றிய பாடலாயினும், அம்பேத்கரைப் போற்றும் ‘ஜெய்பீம் ஆந்தம்’ ஆயினும், இசைவாணி பாடிய ‘ஐயாம் சாரி ஐயப்பா’ ஆயினும், பொருள் ஒன்றே: இளிவு. தகுதியற்றவர் எனப்படுதல், உண்ணும் உணவால் இழிக்கப்படுதல், உடலால் விலக்கப்படுதல் என அதன் வடிவங்கள் வேறுபடுகின்றன. இளிவு பாடுபொருளாயினும் பாடலில் அழுகை இல்லை என்பதே இங்கு ஆராயத்தக்கது. இளிவு அழுகையாகும் முன்னரே நகையாக மாற்றப்படுகிறது. நகையின் நிலைக்களன்களுள் முதலாவது எள்ளல். கானாப் பாட்டின் உயிரும் எள்ளலே. இகழப்பட்டவன் இகழ்ந்தவனை எள்ளுகிறான். பறையும் சட்டியும் கித்தாரும் சேர்ந்து எழும்போது எள்ளல் வெகுளியாகிறது. வெகுளி இறுதியில் கூட்டுக் குரலின் உவகையில் முடிகிறது. குழுவின் முதல் தொகுப்புக்கு ‘மகிழ்ச்சி’ என்றே பெயரிட்டனர். இப்பெயர்க்குப் பின்னால் ரஞ்சித்தின் ‘கபாலி’ திரைப்படத்தின் புகழ்பெற்ற சொல்லும் உண்டு என்பது வேறு. ஒடுக்கப்பட்டோர் மேடையில் மகிழ்ந்திருத்தலே ஓர் எதிர்வினை என்பது குழுவின் கொள்கை. அது ஏற்கத்தக்க கொள்கையே. காலங்காலமாக அவர்தம் கண்ணீரை மட்டும் கலையாக ஏற்றவர்கள் முன்னிலையில், அழ மறுப்பது தன்மானத்தின் செயல்.

தங்கவயல் இவ்வியக்கத்தை அறியாததன்று. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப்பணியைத் தொடங்கியபின் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளருள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். 1930இல் அவர்கள் நடத்திய பெரிய வேலைநிறுத்தம் கூலிக்காக மட்டும் எழுந்ததன்று. தம் விரல்ரேகைகளைப் பதிவுசெய்யும் முறையை எதிர்த்து எழுந்தது. குற்றவாளிகளைப் போல் ரேகை வைக்கச் செய்தல் இளிவு, அவ்விளிவு வெகுளியாயிற்று. ‘கோட்டா’ பாடலைச் சாம்பியன் ரீப்ஸின் லைன் ஒன்றில் ஒலிக்கச் செய்தால் அதன் பொருளை விளக்கவேண்டிய தேவை இராது.

ஆனால் இன்றைய சாம்பியன் ரீப்ஸின் துயர் இளிவு ஒன்றால் ஆயதன்று. இங்கேதான் குழுவின் எல்லை தெரியவருகிறது.

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் கொண்டது; உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் அறுபது பாகை செல்சியஸைக் கடந்திருந்தது. மேலிருந்து அழுத்தும் பாறையின் பளுவால் சுரங்கச்சுவர் முன்னறிவிப்பின்றி வெடித்துச் சிதறுவதுண்டு; ஆங்கிலத்தில் ராக் பர்ஸ்ட் எனப்படுவது. அதன் அதிர்வு மேலே வீடுகளிலும் உணரப்பட்டது. கீழே யார் என்பது உடனே தெரியாது. அடுப்படியில் நிற்கும் ஒருத்தி தன் காலடியில் நிலம் அதிர்வதை உணர்ந்து, வேலைமுறை முடிந்து ஆள் மேலே வரும்வரை காத்திருப்பாள். நூறாண்டு இவ்வாறு காத்திருந்த ஊர் இது. தூசியால் வரும் நுரையீரல் நோய் ஆண்களைத் தின்றது. இவற்றோடும் ஊருக்கு ஒரு பெருமிதம் இருந்தது. 1902இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர். மருத்துவமனையும் பள்ளியும் இசைக்குழுவும் கால்பந்தும் கொண்ட ஊர். பின்னர்ச் சுரங்கங்கள் அரசுடைமையாகி, பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின்கீழ் நடந்து, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. இன்று ஊரிலுள்ளோர் பலர் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் புறப்படும் இரயிலில் ஏறி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். சயனைடு மண்மேடுகள் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. அம்மேடுகளிடையே படமாக்கப்பட்ட ‘கே.ஜி.எஃப்.’ கன்னடத் திரைப்படம் 2018இல் நாடெங்கும் ஓடியது. அதில் இங்கு வாழ்ந்த தொழிலாளியின் உண்மை வாழ்க்கைக்கு இடமில்லை. 2024இல் வெளிவந்த ரஞ்சித்தின் ‘தங்கலான்’ இம்மண்ணின் தமிழ் உழைப்பாளரை மையத்தில் நிறுத்தியது. ஆயினும் அது பொன் தேடிய தொடக்கத்தின் கதை, மூடலின் கதையன்று.

இத்துயருக்குப் பெயர் வேண்டுமாயின் அசைவு என்பதே பெயர். வேலை இழந்ததை இழவு எனலாம். வருவாய் குன்றியதை வறுமை எனலாம். முன்னிருந்த நிலை கெட்டு, அதே வீட்டில், அதே தெருவில், வேறொருவராகி வாழ்தல் இவ்விரண்டிலும் அடங்காது. இளிவுக்கு எதிரில் ஓர் இகழ்வோன் உண்டு; அவனை எள்ளலாம், வெகுளலாம். அசைவுக்கு எதிரில் யாரும் இல்லை. மூடிய சுரங்கவாயைப் பார்த்து எள்ளுவது எங்ஙனம்? இதனாலேயே அசைவுற்ற மனம் தன்மீதே பழிபோட்டுக் கொள்கிறது. குடியிலும் பேசாமையிலும் ஒடுங்குகிறது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் அதே இரயில் பாதையின் மறுகோடியில் உள்ளது. ஆயினும் பிணியே இளிவரலாகும் உலகில் அங்குச் செல்லச் சீட்டெடுப்பது எளிதன்று.

குழுவின் இசைவடிவத்தில் உள்ள ஓர் இடர்ப்பாடும் இங்குச் சுட்டத்தக்கது. அதன் பாடல்களில் பேசுவது பெரும்பாலும் ‘நாம்’. ஒருவர் தொடங்க அனைவரும் ஏற்றுப்பாடும் அமைப்பு அது. மனச்சோர்வு என்னும் நிலையின் இயல்போ எந்த ‘நாம்’ என்பதிலும் சேர இயலாமை. அனைவரும் கைதட்டும் அரங்கில் கை எழாதவர் ஒருவர் இருப்பார். அவருக்கு இப்பாடல்கள் என்ன தருகின்றன? ‘பாரனாய்ட்’ அவருக்கு ஒன்றைத் தருகிறது: உன்னைப் போல் இன்னொருவன் உண்டு என்னும் செய்தி. தில்லியின் பிளட்டிவுட் குழு 2018இல் வெளியிட்ட ‘ஜீ வீரே’ பாடல் மனச்சோர்வுற்ற ஒருவரை நேராக விளித்து வாழச் சொல்கிறது. பாடலோடு இலவச உளவியல் ஆலோசனை அமர்வுகளையும் அக்குழு ஏற்பாடு செய்தது. பயனுள்ள செயல்; பாராட்டத்தக்கது. எனினும் அப்பாடலில் துயர் ஒருவன் தன்னோடு தானே நடத்தும் போராகவே உள்ளது. அவனை அழுத்துவது எது என்பதற்கு அங்கு இடமில்லை. காரணம் கூறும் பாடலில் தனிமனிதன் இல்லை. தனிமனிதனைப் பாடும் பாடலில் காரணம் இல்லை. இருவகைப் பாடலும் பாதியளவே பாடுகின்றன எனலாம்.

இரண்டையும் ஒருசேரத் தாங்கிய வடிவம் தமிழில் முன்னரே உண்டு. அது ஒப்பாரி. இழவு வீட்டில் அழவரும் பெண், இறந்தவரை விளித்துத் தொடங்கித் தன் துயரைப் பாடுகிறாள். யாரோ ஒருவர் இறந்த வீட்டில் தன் தாயை, தன் பிறந்த வீட்டை, தான் பட்ட அவமானத்தைச் சொல்லி அழ அவளுக்கு உரிமையுண்டு. சூழ்ந்திருப்போர் தோள்தொட்டு அழுவர். ஆனால் அவள் பாட்டைத் தம் பாட்டாக்கிக் கொள்வதில்லை. அடுத்தவள் தன் பாட்டைத் தொடங்குவாள். ‘நாம்’ என்னும் வட்டத்துக்குள் ‘நான்’ அழிவதில்லை. காரணமும் மறைவதில்லை, கணவன், கொழுந்தன், கங்காணி, கடன் என எல்லாரும் எல்லாமும் பாட்டில் வருவர். வடசென்னையின் மரண கானா இதற்கு ஆண்கள் கண்ட வடிவம் எனலாம். பிணத்தின் அருகில் இரவு முழுதும் பாடுவது. ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவிலிருந்து தாளத்தையும் எள்ளலையும் விரைவையும் எடுத்துக்கொண்டது. அந்த நீண்ட இரவை எடுத்துக்கொள்ளவில்லை. கானா என்றாலே சாவுப்பாட்டு என்று ஒதுக்கியோர்க்கு எதிராக அதைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தவேண்டிய நெருக்கடி அவர்க்கு இருந்தது, அதை உணரலாம். ஆயினும் விடுபட்டது விடுபட்டதே.

இக்கணிப்பு குழுவின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவதாகாது என்பதற்குச் சான்று குழுவிலிருந்தே கிடைக்கிறது. அதன் பாடகருள் ஒருவரான அறிவு, 2021இல் தீயுடன் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலைத் தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து எழுதினார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, நிலமேதுமின்றித் தமிழகம் திரும்பிய தலைமுறை அவருடையது. அப்பாடலில் ஆடவைக்கும் தாளத்தின் ஊடே ஒப்பாரியின் குரல் வெளிப்படையாக நுழைகிறது. உழைத்து உண்டாக்கியதைத் தான் நுகரப்பெறாத ஒருத்தியின் இழவும் அசைவும் வறுமையும் பாடப்படுகின்றன. பேசுவது ஒரு பாட்டியின் ‘நான்’. அது உலகெங்கும் கேட்கப்பட்டது. இளிவைப் பாடிய அதே கலைஞர் ஏனைய மூன்று நிலைக்களன்களுக்கும் செல்ல இயன்றது, குழுவின் மேடைக்கு வெளியே, ஒரு முதியவளின் நினைவுக்குள் புகுந்தபோதுதான்.

தோட்டத்துக்குச் சென்றவரும் சுரங்கத்துக்குச் சென்றவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒத்த சமூகங்களிலிருந்து, ஒத்த பஞ்சங்களால் பெயர்ந்தோர். தோட்டத்தின் ஒப்பாரிக்கு மின்னிசை கிடைத்துவிட்டது. சுரங்கத்தின் ஒப்பாரி இன்னும் லைன்களிலேயே இருக்கிறது. நிலம் அதிர்ந்த இரவுகளை நினைவிற்கொண்ட பெண்கள் இன்று முதுமையில் உள்ளனர்; அவர்தம் பாட்டில் 2001க்குப் பின் என்ன புகுந்தது, சுரங்கம் மூடிய நாளை எவரேனும் இறந்தவரை விளிப்பதுபோல் விளித்து அழுதனரா, ஆண்கள் அழுதனரா என்பனவற்றைக் கேட்டுப் பதிவுசெய்ய இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. அப்பதிவுகள் இசைக்குழுக்களுக்குப் பயன்படுமா என்பது அவர்கள் முடிவுசெய்ய வேண்டியது. பெங்களூரிலுள்ள தமிழ்த் துறைகளிலிருந்து சாம்பியன் ரீப்ஸுக்கு அதே இரயில்தான். ஆராய்ச்சி மாணவர்கள் அதில் எதிர்த்திசையில் ஏறவேண்டும்.